லினக்ஸில் வைஃபை வரவில்லையா? சில்லின் எண்ணிலிருந்து தொடங்குங்கள்

யாருக்காவது லினக்ஸ் நிறுவிக்கொடுக்கக் கிளம்பினால் நான் பையில் மறக்காமல் எடுத்துவைப்பது ஒரு யுஎஸ்பி கேபிள். பென்டிரைவ் அதற்கு அப்புறம்தான். நிறுவல் முடியும், திரை பளிச்சென்று வரும், தமிழ் எழுத்துகள் ஒழுங்காகத் தெரியும், பாட்டு ஓடும், வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். மூலையில் வைஃபை குறி மட்டும் இருக்காது. அதற்கு, வன்பொருளை இயக்கும் மென்பொருளான டிரைவர் வேண்டும். டிரைவரை இறக்க இணையம் வேண்டும். இணையத்துக்கு டிரைவர் வேண்டும். ஈதர்நெட் துளை இல்லாத மெல்லிய மடிக்கணினிகள் பெருகிய பிறகு, இந்தச் சுற்றிலிருந்து வெளியே வர எளிய வழி ஆண்ட்ராய்டு போனைக் கேபிளில் செருகி யுஎஸ்பி டெதரிங்கைப் போட்டுவிடுவதுதான். லினக்ஸ் அதைக் கம்பி வழியாக வரும் இணைப்பாக எடுத்துக்கொள்ளும். அதற்கு வேண்டிய டிரைவர், லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலிலேயே இருக்கிறது. போன் வீட்டு வைஃபையில் இணைந்திருந்தால், பல மாடல்கள் அந்த இணைப்பையே கேபிள் வழியாகக் கொடுக்கும். மொபைல் டேட்டா செலவும் இல்லை.

2025 அக்டோபர் 14ஓடு விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. நன்றாக ஓடிக்கொண்டிருந்தும் விண்டோஸ் 11க்குத் தகுதி இல்லை என்று ஒதுக்கப்பட்ட மடிக்கணினிகள் வீட்டுக்கு வீடு கிடக்கின்றன. அவற்றைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் முதலில் கேட்பது, "லினக்ஸ் போட்டா வைஃபை வருமா?" என்பதுதான். அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. கல்லூரிக் காலத்தில் எப்போதோ உபுண்டு போட்டு, வைஃபை வராமல், கண்ட இடத்தில் கிடைத்த கட்டளைகளையெல்லாம் அடித்து, இருந்ததும் கெட்டு, விண்டோஸுக்கே திரும்பியவர்கள் நிறையப் பேர். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். தீர்வு தேடிக் கிளம்பும் முன் உங்கள் இயந்திரத்திடம் கேளுங்கள். தன்னிடம் என்ன வைஃபை சில்லு (சிப்) இருக்கிறது, அதை எழுப்பப் போனபோது என்ன ஆயிற்று என்று அது எழுதியே வைத்திருக்கிறது.

டெர்மினலைத் திறந்து எல்எஸ்பிசிஐ என்ற கட்டளையை அடித்து, பக்கத்தில் ஒரு சிறுகோடும் என், என், கே என்ற மூன்று எழுத்துகளும் சேர்த்து என்டர் தட்டுங்கள். நீளமான பட்டியல் வரும். அதில் 'நெட்வொர்க் கன்ட்ரோலர்' என்று இருக்கும் வரிதான் நமக்கு வேண்டியது. வரியின் கடைசிப் பக்கம் சதுர அடைப்புக்குறிக்குள் முக்காற்புள்ளி போட்டுப் பிரித்த இரண்டு எண்கள் இருக்கும். முதல் எண் சில்லைச் செய்த நிறுவனத்தைச் சொல்லும், இரண்டாவது எண் எந்தச் சில்லு என்று சொல்லும். 8086 என்றால் இன்டெல். தன் பழைய பிராசஸரின் எண்ணையே அந்த நிறுவனம் அடையாளமாக வைத்துக்கொண்டிருக்கிறது. 14இ4 பிராட்காம். 10இசி ரியல்டெக். 14சி3 மீடியாடெக். 168சி ஏதெரோஸ், அதைக் குவால்காம் 2011இல் வாங்கிவிட்டது.

இந்த எண்ணை ஒரு தாளில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். இனி எதைத் தேடினாலும் இதை வைத்தே தேடுங்கள். மடிக்கணினியின் மாடல் பெயரை வைத்துத் தேடினால் குழப்பம்தான் மிஞ்சும். ஒரே மாடல், ஒரே நிறம், ஒரே விலை. ஆனால் ஒரு தொகுப்பில் இன்டெல் அட்டை இருக்கும், அடுத்த தொகுப்பில் ரியல்டெக் இருக்கும். நண்பரின் மடிக்கணினியில் வேலை செய்த கட்டளை உங்களுடையதில் வேலை செய்யாமல் போவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

அதே பட்டியலில் அந்த வரிக்குக் கீழே 'கெர்னல் டிரைவர் இன் யூஸ்' என்று ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். இருந்தால், டிரைவர் சில்லைப் பிடித்துவிட்டது என்று பொருள். அப்படியும் வைஃபை வரவில்லை என்றால் சிக்கல் வேறு இடத்தில். அந்த வரியே இல்லை என்றால் ஒன்று அந்தச் சில்லுக்கு உங்கள் கெர்னலில் டிரைவர் இல்லை, அல்லது இருக்கும் டிரைவர் எழ முடியாமல் விழுந்துவிட்டது. அடுத்து டிமெஸ்ஜ் (டி, எம், இ, எஸ், ஜி) என்ற கட்டளை. கணினி துவங்கியதிலிருந்து கெர்னல் பேசியதெல்லாம் அதில் இருக்கும். அதில் 'ஃபர்ம்வேர்' என்ற சொல்லைத் தேடினால் பாதிப் பேருக்கு விடை கிடைத்துவிடும்: ஃபர்ம்வேரை ஏற்ற முடியவில்லை, பிழை எண் மைனஸ் 2. கெர்னலின் மொழியில் மைனஸ் 2 என்றால் 'அப்படியொரு கோப்பே இல்லை'. அவ்வளவுதான். அட்டையில் பழுது எதுவும் இல்லை. ஒரு கோப்பு வட்டில் இல்லை, அதைக் கொண்டுவந்து வைத்தால் போதும்.

டிரைவர் வேறு, ஃபர்ம்வேர் வேறு. இதைப் பலர் ஒன்றாகவே நினைக்கிறார்கள். டிரைவர் நம் கணினியின் பிராசஸரில் ஓடுவது. ஃபர்ம்வேர் வைஃபை அட்டைக்குள் இருக்கும் சின்னப் பிராசஸரில் ஓடுவது. ஒவ்வொரு முறை கணினியைப் போடும்போதும் டிரைவர் அந்தக் கோப்பை வட்டிலிருந்து எடுத்து அட்டைக்குள் ஏற்றிவிடும். அதன் பிறகுதான் அட்டைக்கு உயிர். இன்டெல் அட்டைகளுக்கு இந்தக் கோப்பின் பெயரில் கடைசியாக ஒரு எண் இருக்கும், அது பதிப்பைக் குறிப்பது. டிரைவர் தனக்குத் தெரிந்த புதிய எண்ணிலிருந்து தொடங்கிக் கீழே இறங்கிக்கொண்டே வரும். அப்படி இறங்கும்போது 'இது இல்லை, அது இல்லை' என்று பல வரிகளில் புலம்பிவிட்டு, கடைசியில் ஒன்றைக் கண்டுபிடித்து ஏற்றிக்கொள்ளும். புலம்பல் வரிகளைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். கடைசி வரியைப் பாருங்கள்.

இந்தக் கோப்புகளைப் பெரும்பாலும் நிறுவனங்கள் மூல நிரல் இல்லாமல்தான் தருகின்றன. அதனால்தான் டெபியன் என்ற லினக்ஸ் வகை நெடுங்காலம் அவற்றைத் தன் அதிகாரபூர்வ நிறுவல் வட்டில் சேர்க்கவில்லை. 2011இல் வந்த டெபியன் 6, கட்டற்றது அல்லாத (மூல நிரலை யாரும் பார்த்து மாற்ற முடியாத) ஃபர்ம்வேர்களைக் கெர்னலிலிருந்தே பிரித்துத் தனியே வைத்தது. கொள்கையாகப் பார்த்தால் அது நேர்மையான முடிவு, அதை நான் மதிக்கிறேன். ஆனால் புதிதாக வருகிறவர் அதிகாரபூர்வ வட்டை இறக்கி நிறுவிவிட்டு, வைஃபை இல்லாமல் திகைத்து நின்றதும் உண்மை. 2022இல் டெபியன்காரர்கள் தங்களுக்குள் வாக்கெடுப்பு நடத்தி, ஃபர்ம்வேரை நிறுவல் வட்டிலேயே சேர்ப்பது என்று முடிவெடுத்தார்கள். 2023 ஜூனில் வந்த டெபியன் 12இலிருந்து அது நடைமுறையில் இருக்கிறது. சரியான முடிவு என்றே நினைக்கிறேன். கட்டற்ற மென்பொருள் பக்கம் வர நினைப்பவரை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டு நாம் எந்தக் கொள்கையைக் காப்பாற்றப் போகிறோம்?

சரி, இந்தச் சிக்கல் ஏன் வைஃபைக்கு மட்டும் இவ்வளவு நாள் நீடித்தது? விசைப்பலகை, வட்டு, ஈதர்நெட் எல்லாம் எப்போதோ ஒழுங்காகிவிட்டனவே? வைஃபை அட்டை என்பது ஒரு ரேடியோ. அது எந்த அலைவரிசையில், எவ்வளவு சக்தியில் பேச வேண்டும் என்பதை மென்பொருள்தான் தீர்மானிக்கிறது. ஒவ்வொரு நாட்டிலும் அதற்குச் சட்டம் உண்டு. 'எங்கள் சில்லின் ஆவணங்களை வெளியிட்டால் யார் வேண்டுமானாலும் விதியை மீறி ஒலிபரப்புவார்கள், அமெரிக்காவின் தகவல்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான எஃப்சிசி எங்களைப் பிடிக்கும்' என்பதுதான் அன்று நிறுவனங்கள் தரப்பில் சொல்லப்பட்ட காரணம். ஆவணம் இல்லாமல் டிரைவர் எழுதுவது எப்படி?

எழுதினார்கள். அந்தக் கதையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இந்தத் துறையின் மேல் மரியாதை கூடுகிறது. லிங்க்சிஸ் நிறுவனத்தின் டபிள்யூஆர்டி54ஜி என்ற ரௌட்டர் லினக்ஸில் ஓடியது. நிரலை விநியோகிப்பவர் மூல நிரலையும் தர வேண்டும் என்னும் ஜிபிஎல் உரிமத்துக்குக் கட்டுப்பட்டு 2003இல் அதன் மூல நிரல் வெளியிடப்பட்டது. ரௌட்டர்களுக்கான லினக்ஸான ஓபன்டபிள்யூஆர்டி பிறந்தது அதிலிருந்துதான். ஆனால் அதற்குள் இருந்த பிராட்காம் வைஃபை டிரைவர் மட்டும் மூல நிரல் இல்லாத இருமக் கோப்பாகவே இருந்தது. ஒரு குழு அந்த இருமக் கோப்பைப் பிரித்துப் படித்து, எந்தப் பதிவேட்டில் எந்த எண்ணை எழுதினால் சில்லு என்ன செய்கிறது என்று சாதாரண வாக்கியங்களில் குறிப்பெடுத்தது. இன்னொரு குழு அந்த இருமக் கோப்பைத் தொடவே இல்லை. குறிப்பை மட்டும் வைத்துக்கொண்டு புதிதாக டிரைவர் எழுதியது. ஒருவர் குழம்பை ருசித்துப் பார்த்து என்னென்ன போட்டிருக்கிறது என்று எழுதிக்கொடுக்க, அந்தச் சமையலறைக்குள் காலே வைக்காத இன்னொருவர் அதைப் படித்துச் சமைப்பது போல. பதிப்புரிமைச் சிக்கல் வராமலிருக்க இந்தப் பிரிவினை அவசியம். அப்படிப் பிறந்த பிசிஎம்43எக்ஸ்எக்ஸ் டிரைவர் 2006இல் கெர்னல் 2.6.17இல் சேர்ந்தது. அதன் வாரிசான பி43, 2008 ஜனவரியில் வந்த 2.6.24இல் சேர்ந்தது. இன்றும் பழைய மடிக்கணினிகளில் ஓடிக்கொண்டிருக்கிறது.

அதுவரை பலருக்கும் கைகொடுத்தது என்டிஐஎஸ்ராப்பர். விண்டோஸ் டிரைவர் கோப்பையே எடுத்து, லினக்ஸ் கெர்னலுக்குள் விண்டோஸ் போன்ற ஒரு சூழலைப் போலியாக உருவாக்கி, அதில் ஓடவைக்கும் உத்தி. ஃப்ரீபிஎஸ்டி என்ற இன்னொரு கட்டற்ற இயங்குதளத்திலும் இதே வேலையைச் செய்யும் ஒன்று இருந்தது. அந்தக் காலத்துக்கு அது பெரிய உதவி. இன்றைக்கு அந்தப் பெயரைச் சொல்லும் வழிகாட்டி எது கண்ணில் பட்டாலும் கடந்து போய்விடுங்கள். அதன் காலம் முடிந்துவிட்டது.

கனடாவின் கால்கரியிலிருந்து ஓபன்பிஎஸ்டி என்ற கட்டற்ற இயங்குதளத்தை நடத்தும் தியோ டி ராட் வேறு வழியில் போராடினார். மூல நிரல் தர வேண்டாம், டிரைவரை நாங்களே எழுதிக்கொள்கிறோம், சில்லின் ஆவணங்களையும் ஃபர்ம்வேரை மறுவிநியோகம் செய்யும் அனுமதியையும் மட்டும் கொடுங்கள் என்று நிறுவனங்களைக் கேட்டார். தைவான் நிறுவனங்களான ராலிங்க், ரியல்டெக் போன்றவை ஆவணம் கொடுத்தன. இந்த உழைப்புக்காக 2004ஆம் ஆண்டுக்கான கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை விருது அவருக்குக் கிடைத்தது.

எஃப்சிசி காரணம் எவ்வளவு தூரம் நிற்கும் என்பது 2008இல் தெரிந்துவிட்டது. ஏதெரோஸ் நிறுவனமே ஏடிஎச்9கே என்ற கட்டற்ற டிரைவரை வெளியிட்டது. அதுவரை மூடிவைத்திருந்த பழைய சில்லுகளுக்கான நிரலையும் அதே ஆண்டு திறந்துவிட்டது. அந்தச் சில்லுகளில் பல, ஏற்றுவதற்கு ஃபர்ம்வேர் கோப்பே கேட்காதவை. வானம் இடிந்து விழுந்துவிடவில்லை. பிராட்காமும் 2010 செப்டம்பரில் சில சில்லுகளுக்குக் கட்டற்ற டிரைவரை வெளியிட்டது. எல்லாச் சில்லுகளுக்கும் இல்லை. அந்த விடுபட்டவைதான் இன்றும் நம் வீடுகளுக்கு வந்துகொண்டிருக்கின்றன.

14இ4:4365 என்ற எண் உங்கள் திரையில் வந்தால் அது பிசிஎம்43142. பத்து வருஷத்துக்கு முந்தைய பட்ஜெட் மடிக்கணினிகளில் சாதாரணமாகக் காணலாம். இதற்கு பி43 உதவாது. டபிள்யூஎல் என்ற மூடிய டிரைவர்தான் வழி. உபுண்டுவில் 'கூடுதல் டிரைவர்கள்' பகுதியிலும், மின்ட் என்ற லினக்ஸில் 'டிரைவர் மேனேஜர்' பகுதியிலும் இதைத் தேர்ந்தெடுக்கலாம். டெபியனில் பிராட்காம்-எஸ்டிஏ என்ற பெயரில் இருக்கும். இந்த டிரைவரின் கடைசிப் பதிப்பை பிராட்காம் வெளியிட்டது 2015இல். அதன் பிறகு கெர்னல் எத்தனையோ முறை உள்ளே மாறிவிட்டது. ஒவ்வொரு முறையும் டெபியன், உபுண்டு, ஆர்ச் பராமரிப்பாளர்கள் உட்கார்ந்து ஒட்டுப்போட்டுத்தான் அந்தப் பழைய நிரலைப் புதுக் கெர்னலோடு ஓடவைக்கிறார்கள். கெர்னல் மேம்பட்டதும் டிகேஎம்எஸ் என்ற ஏற்பாடு இந்த டிரைவரை மறுபடி உங்கள் கணினியிலேயே கட்டிக்கொள்ளும். அதற்கு லினக்ஸ் ஹெடர்ஸ் தொகுப்பு இருக்க வேண்டும். 'நேத்து வரைக்கும் நல்லா வந்துச்சு, அப்டேட் போட்டதும் போயிடுச்சு' என்று யாராவது சொன்னால் நான் முதலில் பார்ப்பது அந்தத் தொகுப்பு இருக்கிறதா என்றுதான். பழைய கெர்னலும் வட்டில் இருக்கும். துவக்கப் பட்டியலில் அதைத் தேர்ந்தெடுத்து உள்ளே போனால் வைஃபை வந்துவிடும், அங்கிருந்து நிதானமாகச் சரிசெய்யலாம்.

கையொப்பமிட்ட மென்பொருளை மட்டும் துவக்க விடும் செக்யூர் பூட் இயங்கும் கணினியில் இன்னொரு படி உண்டு. கணினியிலேயே கட்டிய டிரைவருக்கு நம்பகமான கையொப்பம் இல்லாததால் கெர்னல் அதை ஏற்காது. அதனால் டிரைவரை நிறுவும்போது ஒரு கடவுச்சொல் அமைக்கச் சொல்லும். கணினியை மறுபடி துவக்கினால் நீலத் திரை ஒன்று வந்து பத்து நொடி எண்ணும். பலர் ஏதோ கெட்டுவிட்டது என்று பதறி அப்படியே விட்டுவிடுகிறார்கள், எண்ணி முடிந்ததும் அது தானாகக் கடந்துபோய்விடும். வைஃபை வராது. அந்தப் பத்து நொடிக்குள் ஏதாவது ஒரு விசையைத் தட்டி, 'என்ரோல் எம்ஓகே' என்பதைத் தேர்ந்தெடுத்து, முன்பு அமைத்த கடவுச்சொல்லைக் கொடுத்தால் வேலை முடிந்தது. பக்கத்தில் ஆள் இருந்து சொல்லிக்கொடுக்க வேண்டிய இடம் என்றால் இதுதான். போனில் விளக்கிப் புரியவைப்பது சிரமம்.

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் இருக்கிறார். மகன் விட்டுப்போன மடிக்கணினியில் மின்ட் போட்டுக் கொடுத்திருந்தேன். வைஃபை வந்தது. ஆனால் அவர் சொன்ன குறை விநோதமாக இருந்தது. "தம்பி, ரௌட்டர் பக்கத்துல வச்சா வருது. திண்ணைக்கு எடுத்துட்டுப் போனா போயிடுது. இத்தனைக்கும் என் போன் திண்ணையில நல்லாத்தான் இருக்கு."

"விண்டோஸ்ல எப்படி இருந்துச்சு சார்?"

"அதுல மாடிக்குப் போனாலும் வந்துச்சே."

அந்த வார்த்தையில்தான் துப்பு இருந்தது. விண்டோஸில் மாடிவரை எட்டியது என்றால் அட்டையும் ஆண்டெனாவும் நன்றாக இருக்கின்றன. எண்ணைப் பார்த்தேன்: 10இசி:பி723. ஆர்டிஎல்8723பிஇ. திண்ணையில் உட்கார்ந்து சிக்னலை அளந்தால் மைனஸ் 84 காட்டியது. இந்த அளவு பூஜ்ஜியத்துக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறதோ அவ்வளவு நல்லது. மைனஸ் 50 என்றால் அருமை, 80ஐத் தாண்டினால் இணைப்பு அறுந்து அறுந்து வரும். ரௌட்டரோ சுவருக்கு அந்தப் பக்கம், பத்தடி தூரத்தில் இருக்கிறது.

இந்தச் சில்லு உள்ள அட்டையில் ஆண்டெனா கம்பியை மாட்ட இரண்டு குமிழ்கள் இருக்கும், ஒவ்வொன்றும் கடுகைவிடக் கொஞ்சம் பெரிது. செலவைக் குறைக்க மடிக்கணினித் தயாரிப்பாளர்கள் சிலர் ஒரே ஒரு ஆண்டெனாதான் வைத்தார்கள். அதில் தவறில்லை. ஆனால் கம்பியை ஒரு குமிழில் மாட்டிவிட்டு, அட்டையின் நினைவகத்தில் இன்னொரு குமிழின் பெயரை எழுதிவிட்டார்கள். லினக்ஸ் டிரைவர் நினைவகத்தில் எழுதியிருப்பதை நம்பி, கம்பியே இல்லாத குமிழில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருக்கும். ரௌட்டர் பக்கத்தில் இருந்தால் அதிலும் கொஞ்சம் கேட்கும். தள்ளிப் போனால் கேட்காது.

மடிக்கணினியைத் திறந்து கம்பியை மாற்றி மாட்டலாம். உத்தரவாதம் போய்விடும், அதோடு விண்டோஸும் சேர்த்து வைத்திருப்பவர்களுக்கு அந்தப் பக்கம் கெட்டுவிடும். அதனால் 2016இல் இந்த டிரைவருக்கு 'ஏஎன்டி செல்' என்றொரு அமைப்பு சேர்க்கப்பட்டது. 1 என்றால் ஒரு குமிழ், 2 என்றால் மற்றது. தலைமையாசிரியரின் மடிக்கணினியில் மோட்ப்ரோப் கட்டளையால் டிரைவரை இறக்கி, 2 என்று கொடுத்து மறுபடி ஏற்றினேன். அளவு மைனஸ் 52க்கு வந்தது. உட்கார்ந்த இடம் மாறவில்லை, ரௌட்டரைத் தொடவில்லை. அதை நிரந்தரமாக்க, இடிசி அடைவில் உள்ள மோட்ப்ரோப்-டி என்ற கோப்புறையில் ஒரே ஒரு வரி எழுதிவைத்தால் போதும். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த வரியைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டார்.

அந்த அமைப்பைச் சேர்த்தவர் லாரி ஃபிங்கர். அமெரிக்காக்காரர். பிராட்காம் டிரைவரின் ஆரம்ப நாட்களிலிருந்து ரியல்டெக் டிரைவர்கள் வரை ஏறத்தாழ 1,500 மாற்றங்களை லினக்ஸ் கெர்னலுக்குத் தந்திருக்கிறார். 2024 ஜூனில் காலமானார். எந்த மூலையிலிருந்து யார் என்ன எண்ணைச் சொல்லி 'வரவில்லை' என்றாலும், பொறுமையாக அடுத்த கேள்வி கேட்டு, முடிந்தால் ஒரு திருத்தமும் எழுதிக்கொடுப்பார். அவருடைய நிரலைத் திறந்து படித்திருக்கிறேன். அதோடு அந்த மாற்றத்துக்கு அவர் எழுதிய விளக்கக் குறிப்பையும் படித்தேன். கம்பியை மாற்றினால் உத்தரவாதம் போய்விடும், இரட்டைத் துவக்கம் வைத்திருப்பவர்களுக்கு விண்டோஸ் கெட்டுவிடும் என்று நான் மேலே சொன்ன இரண்டும் அவர் அதில் எழுதியவைதான். மலிவான மடிக்கணினியை வாங்கி, திறந்து பார்க்கத் துணிவில்லாத ஒருவரின் நிலையில் நின்று அவர் அதை யோசித்திருக்கிறார். எங்கள் திண்ணை வரை வைஃபை எட்டுவதற்கு அதுதான் காரணம். அவர் பெயரைத் தமிழில் ஒரு முறையாவது எழுதிவைக்க வேண்டும் என்பது என் ஆசை.

மற்ற சிக்கல்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டிரைவரும் ஃபர்ம்வேரும் சரியாக இருந்து, வைஃபையை இயக்கவே முடியவில்லை என்றால் ஆர்எஃப்கில் என்று அடித்துப் பாருங்கள். 'சாஃப்ட்' தடை என்றால் அதே கட்டளையால் நீக்கிவிடலாம். 'ஹார்ட்' தடை என்றால் பக்கவாட்டில் சின்ன பொத்தான் இருக்கிறதா, விமான நிலை விசை அழுந்தியிருக்கிறதா என்று தேடுங்கள். பொத்தானே இல்லாத மடிக்கணினியிலும் சில சமயம் 'ஹார்ட்' என்று வரும். மடிக்கணினிக்கான துணை மாட்யூல் இல்லாத பொத்தானை இருப்பதாக நினைத்துக்கொள்வதால் வருவது அது. அந்த மாட்யூலைத் தடைப்பட்டியலில் சேர்த்தால் சரியாகிவிடும்.

எல்லா வைஃபையும் தெரிகிறது, நம் வீட்டு வைஃபை மட்டும் தெரியவில்லை என்றால் நாட்டுக் குறியீட்டைப் பாருங்கள். இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்ஸில் 13 சேனல்கள் வரை பயன்படுத்தலாம், அமெரிக்காவில் வழக்கத்தில் 11தான். தானாகச் சேனல் தேர்ந்தெடுக்கும் ரௌட்டர் 13ஐப் பிடித்துக்கொண்டு, மடிக்கணினி தன்னை அமெரிக்காவில் இருப்பதாக நினைத்துக்கொண்டால் இரண்டும் சந்திக்கவே சந்திக்காது. ரௌட்டரில் சேனலை 1, 6, 11 இவற்றில் ஒன்றாக மாற்றிவிடுவது சுலபமான வழி. 5 கிகாஹெர்ட்ஸ் பக்கமும் கவனம் தேவை. அந்த அலைவரிசையின் நடுப்பகுதியை இந்தியா உரிமம் இல்லாமல் திறந்துவிட்டது 2018 அக்டோபரில்தான். அதற்கு முந்தைய விதிப்பட்டியலோடு இருக்கும் பழைய நிறுவலில் நடுவில் உள்ள சேனல்கள் கண்ணில் படாது.

வைஃபை வருகிறது, ஆனால் சும்மா இருந்தால் தூங்கிவிடுகிறது என்றால் மின்சேமிப்பை நிறுத்துங்கள். நெட்வொர்க் மேனேஜரின் அமைப்புக் கோப்பில் வைஃபை பவர்சேவ் என்ற இடத்தில் 3 என்று இருப்பதை 2 ஆக்கினால் போதும்.

எதுவுமே நடக்கவில்லை என்றால் யுஎஸ்பி வைஃபை டாங்கிள் வாங்கலாம். அதிலும் பெட்டியில் உள்ள பெயரை நம்ப முடியாது. டிபி-லிங்க்கின் டிஎல்-டபிள்யூஎன்722என் என்ற பெயர்போன டாங்கிளின் முதல் பதிப்பில் ஏதெரோஸ் ஏஆர்9271 இருந்தது. 2013இலிருந்து அதன் ஃபர்ம்வேர்கூடக் கட்டற்றது. இரண்டாம் பதிப்பிலிருந்து உள்ளே ரியல்டெக். பெயர் அதேதான். இன்னும் சில டாங்கிள்களைச் செருகினால் வைஃபை அட்டையாகவே தெரியாமல் சிடி டிரைவாகத் தெரியும். உள்ளே விண்டோஸ் டிரைவரை வைத்திருக்கும் ஏற்பாடு அது. அந்த 'சிடி'யை வெளியே தள்ளினால், அல்லது யுஎஸ்பி மோட்ஸ்விட்ச் என்ற தொகுப்பை நிறுவினால், டாங்கிள் தன் உண்மை முகத்தைக் காட்டும்.

தமிழ்நாடு அரசு 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிவைத்த இலவச மடிக்கணினித் திட்டத்தில் தொடக்கத்தில் வந்த கணினிகளில் விண்டோஸோடு மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. டெபியனை அடிப்படையாகக் கொண்டது அது. அந்தக் கணினிகள் இன்னும் பல வீட்டுப் பரண்களில் இருக்கின்றன. இலகுவான ஒரு லினக்ஸ் போட்டால் பிள்ளைகள் படிக்கவும் தட்டச்சு பழகவும் தாராளமாக உதவும். எடுத்துத் தூசி தட்டி, முதலில் எல்எஸ்பிசிஐ அடித்துப் பாருங்கள். அந்தக் காலத்துச் சில்லுகள் பலவற்றுக்கு இன்றைய கெர்னலில் நல்ல டிரைவர் இருக்கிறது.

பழைய மடிக்கணினி வாங்குகிறவர்களுக்கு ஒன்று. சென்னை ரிச்சி தெருவோ உங்கள் ஊர்க் கடையோ, போகும்போது லைவ் பென்டிரைவ் ஒன்றைக் கொண்டுபோங்கள். கடைக்காரரிடம் "அண்ணே, அஞ்சு நிமிஷம் இதுல போட்டுப் பார்த்துக்கிறேன்" என்று கேட்டால் பெரும்பாலும் விடுவார்கள். நிறுவ வேண்டாம், பென்டிரைவிலிருந்து துவக்கினாலே போதும். எண்ணைப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள். வந்தது 14இ4:4365 என்றால் அட்டையை மாற்றிக்கொள்ளும் செலவையும் கணக்கில் சேருங்கள். மாற்றும் முன் உள்ளே இருப்பது பழைய மினி பிசிஐ எக்ஸ்பிரஸ் துளையா, புதிய எம்.2வா என்று பாருங்கள். சில நிறுவனங்களின் பயாஸ் (கணினியைத் துவக்கும் மென்பொருள்) தன் பட்டியலில் இல்லாத அட்டையை ஏற்காது, துவக்கத்திலேயே நிறுத்திவிடும். அதையும் விசாரித்துக்கொள்ளுங்கள். எம்.2 துளைக்கு இன்டெல் அட்டை வாங்குவதாக இருந்தால் ஏஎக்ஸ்200 அல்லது ஏஎக்ஸ்210 கேளுங்கள். ஏஎக்ஸ்201 பார்க்க அதே மாதிரிதான் இருக்கும், ஒரு எண்தான் வித்தியாசம். ஆனால் அதன் பாதி வேலை இன்டெல் பிராசஸருக்குள் இருக்கிறது. ஏஎம்டி மடிக்கணினியிலும் பழைய இன்டெல்லிலும் அது ஓடாது.